சதுரமும் வர்க்கமும்: ஒரு மொழிபெயர்ப்புச் சண்டை

கணித வரலாற்றுக்கென்றே வெளிவரும் ஆய்விதழ் ஒன்றில் 1978இல் ஒரு கடிதம் அச்சானது. எழுதியவர் ஆந்த்ரே வேய், இருபதாம் நூற்றாண்டின் முதல்வரிசைக் கணிதர்களில் ஒருவர். தலைப்பு: 'யூக்ளிடுக்குத் துரோகம் செய்தது யார்?' 1975இல் அதே இதழில் சபெதாய் உங்குரு எழுதிய நீண்ட கட்டுரைக்கான எதிர்வினை அது. வான் டெர் வார்டன் 1976இலும், ஹான்ஸ் ஃபிராய்டென்தால் 1977இலும் ஏற்கெனவே பதில் எழுதியிருந்தார்கள். அவர்கள் மூவரும் கணிதர்கள், உங்குரு வரலாற்றாசிரியர். வேயின் கடிதத்தில் சபை நாகரிகம் அதிகம் மிஞ்சவில்லை. முதலில் கணிதத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு அதன் வரலாற்றைப் பேசலாம் என்பதுதான் அதன் சாரம்.

இவ்வளவு கோபம் எதற்காக? ஏறத்தாழ கி.மு. 300இல் எழுதப்பட்ட 'மூலகங்கள்' என்ற நூலின் இரண்டாம் புத்தகத்திலுள்ள 14 தேற்றங்களுக்காக. அவை கேத்திரகணிதமா, கேத்திரகணித வேடமிட்ட அட்சரகணிதமா? தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குச் சொல்வதென்றால், வடிவியலா, இயற்கணிதமா? நம் ஊர் வகுப்பறைகளில் இந்த இரண்டும் தனித்தனிப் பாடவேளைகளாகவே நடந்தன. ஒன்றுக்குக் கவராயமும் அடிமட்டமும் வேண்டும், மற்றதற்குப் பென்சில் போதும். ஆகவே இந்தக் கேள்வி நிபுணர்களின் வீண்சண்டை என்று தோன்றலாம். ஆனால் ஒரு மொழியில் சொல்லப்பட்டதை இன்னொரு மொழியில் சொல்லும்போது எது கூட வருகிறது, எது பின்தங்கிவிடுகிறது என்பதுதான் இந்தச் சண்டையின் உள்விஷயம். இரண்டு மொழிகளில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இது அந்நியமான கேள்வி அல்ல.

ஒரு தாளை எடுத்து வரைந்துகொண்டே படியுங்கள். இரண்டாம் புத்தகத்தின் நான்காம் தேற்றம் சொல்வது இதுதான்: ஒரு நேர்கோட்டை விரும்பிய இடத்தில் வெட்டுங்கள். முழுக்கோட்டின்மேல் எழுப்பிய சதுரம், இரண்டு துண்டுகளின்மேல் எழுப்பிய இரு சதுரங்களும், அந்தத் துண்டுகளைப் பக்கங்களாகக் கொண்ட இரண்டு செவ்வகங்களும் சேர்ந்ததற்குச் சமம். படம் வரைந்தால் ஒரே பார்வையில் விளங்கும். பெரிய சதுரத்துக்குள் ஒரு மூலையில் ஒரு சதுரம், எதிர் மூலையில் இன்னொன்று, மீதி இரண்டு மூலைகளில் ஒரே அளவான இரண்டு செவ்வகங்கள்.

இதைப் படித்தவுடன் நம் கை தானாக எழுதுவது: (அ + இ)² = அ² + 2அஇ + இ². பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டென்மார்க்கின் ஸொய்தென் போன்றவர்களும் அதையே எழுதினார்கள். அவர் இதற்கு 'கேத்திரகணித வடிவிலான அட்சரகணிதம்' என்று பெயரும் வைத்தார். 1908இல் வெளிவந்த தாமஸ் ஹீத்தின் ஆங்கில யூக்ளிட் அந்தப் பெயரை உலகமெங்கும் கொண்டுசென்றது. 1930களில் பாபிலோனியக் களிமண் பலகைகளை வாசித்த ஓட்டோ நொய்கெபாவர் இன்னும் ஒரு படி போனார். பாபிலோனியரிடம் அட்சரகணிதம் இருந்தது, கிரேக்கர் அதைக் கோடுகளின் மொழிக்குப் பெயர்த்தார்கள் என்றார். வான் டெர் வார்டன் தம் புகழ்பெற்ற நூலில் இதை எல்லோருக்குமான கதையாக்கினார்.

உங்குருவின் கட்டுரை இந்தக் கதையைத்தான் தாக்கியது. யூக்ளிடின் இரண்டாம் புத்தகத்தில் எண்ணே கிடையாது. ஒரு கோட்டின் நீளம் இத்தனை என்று எங்கும் சொல்லப்படுவதில்லை. தெரியாத ஒன்றைக் கண்டுபிடிக்கக் குறியீடு எதுவும் இல்லை. 'கோட்டின்மேல் எழுப்பிய சதுரம்' என்றால் உண்மையாகவே நான்கு பக்கமுள்ள சதுரம். அதை அ² என்று எழுதும் கணத்திலேயே நாம் வேறு ஒரு நூலைப் படிக்கத் தொடங்கிவிட்டோம் என்றார் அவர்.

அவர் பக்கத்தின் வலுவான சான்று நூலுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாம் புத்தகத்தின் முதல் தேற்றம், ஒரு கோட்டை எத்தனை துண்டாக வெட்டினாலும் செல்லும். இரண்டாவதும் மூன்றாவதும் நம் கண்ணுக்கு அதன் தனி நிலைகள். அட்சரகணிதக்காரர் ஒருவர் முதல் தேற்றத்தை நிறுவியபின் மற்ற இரண்டையும் ஒரே வரியில் முடித்திருப்பார். யூக்ளிடோ ஒவ்வொன்றுக்கும் புதிதாகப் படம் வரைந்து, புதிதாக நிறுவுகிறார். ஐந்தாம், ஆறாம் தேற்றங்களும் அப்படியே. குறியீட்டில் எழுதினால் இரண்டும் ஒரே சமன்பாட்டுக்குள் அடங்கிவிடும். ஒரே பொருளை ஒருவர் ஏன் இருமுறை சொல்ல வேண்டும்? அவருக்கு அவை ஒன்றல்ல என்பதுதானே பதில்.

கணிதர்கள் தரப்பையும் அலட்சியம் செய்ய முடியாது. ஐந்தாம் தேற்றத்தை எண்ணில் வைத்துப் பாருங்கள். 10 அளவுள்ள கோடு. அதன் பாதி 5. சமமில்லாமல் வெட்டினால் 7, 3. இந்த இரண்டின் செவ்வகம் 21. நடுப்புள்ளிக்கும் வெட்டிய புள்ளிக்கும் இடைத்தூரம் 2, அதன் சதுரம் 4. 21உம் 4உம் 25, அதாவது பாதியின் சதுரம். எங்கே வெட்டினாலும் இது மாறாது. 47ஐ 53ஆல் மனக்கணக்காகப் பெருக்க வேண்டுமா? 50இன் வர்க்கம் 2500, அதில் 3இன் வர்க்கம் 9ஐக் கழித்தால் 2491. ஒரே உண்மை கோட்டிலும் எண்ணிலும் குறியீட்டிலும் வேலைசெய்கிறது என்றால், அதன் உள்ளடக்கம் ஒன்றே, உடைதான் வேறு என்று கணிதர் சொல்வதில் நியாயம் உண்டு. ஐந்தாவதும் ஆறாவதும் வேறுவேறு வகைக் கணக்குகளுக்குப் பயன்படுகின்றன, அதனால்தான் இரண்டும் தேவைப்பட்டன என்பதும் அவர்களுடைய பதில்.

இந்த இடத்தில் சண்டை நின்றிருந்தால் இரண்டு பிடிவாதங்களின் கதையாகவே முடிந்திருக்கும். அதை நகர்த்தியது ஒரு மொழிபெயர்ப்பாளரின் பொறுமை. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஹொய்ருப், நொய்கெபாவர் வாசித்த அதே பாபிலோனியப் பலகைகளைச் சொல் சொல்லாக மறுபடியும் படித்தார். 2002இல் வெளிவந்த அவருடைய பெருநூல் அந்த உழைப்பின் தொகுப்பு. அவர் கண்டது எளிய ஒன்று. முந்தைய மொழிபெயர்ப்புகளில் 'கூட்டு' என்று ஒரே சொல்லால் பெயர்க்கப்பட்ட இடங்களில் மூலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. கழித்தலுக்கும் இரண்டு. பெருக்கலுக்கு நான்கு. எழுதியவர்கள் அவற்றை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாக இஷ்டம்போல் பயன்படுத்தவில்லை. அளவுகளின் எண்களைக் குவிப்பதற்கு ஒரு சொல், ஒரு பரப்போடு இன்னொரு பரப்பைக் கொண்டுவந்து ஒட்டுவதற்கு வேறு சொல்.

அண்ணனையும் தம்பியையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிப்பதை எண்ணிப் பாருங்கள். வீட்டில் எத்தனை ஆண்பிள்ளைகள் என்ற கணக்கு பிழைக்காது. யார் யாரைப் பெயர்சொல்லி அழைக்கலாம் என்பது மட்டும் காணாமல் போகும். நொய்கெபாவரின் மொழிபெயர்ப்பிலும் விடைகள் எல்லாம் சரியாகத்தான் வந்தன. காணாமல் போனது கை செய்த வேலை.

அந்த வேலை என்னவென்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும், ஏறத்தாழ 3,700 ஆண்டுப் பழமையான ஒரு பலகையின் முதல் கணக்கில் பார்க்கலாம். ஒரு சதுரத்தின் பரப்பையும் அதன் பக்கத்தையும் சேர்த்தால் முக்கால். பக்கம் எவ்வளவு? ஹொய்ருப்பின் வாசிப்பில் விடை ஒரு தச்சுவேலை போல நடக்கிறது. பக்கத்துக்கு 1 அளவு அகலம் கொடுத்தால் அது ஒரு செவ்வகமாகிச் சதுரத்தோடு ஒட்டி நிற்கும். அந்தச் செவ்வகத்தை நெடுக்காகப் பாதியாக முறித்து, ஒரு பாதியைச் சதுரத்தின் அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். இப்போது ஒரு மூலை மட்டும் காலியாக இருக்கிறது. அந்த மூலை அரைக்கு அரை, அதாவது கால். முக்காலோடு கால் சேர்ந்தால் 1. முழுச் சதுரத்தின் பக்கம் 1. அதிலிருந்து ஒட்டிய அரையைப் பிய்த்தெடுத்தால், மீதி அரை. அதுதான் விடை.

இதே அசைவு ஏறத்தாழ 820இல் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலிலும் வருகிறது. ஒரு வர்க்கமும் அதன் மூலத்தின் பத்து மடங்கும் சேர்ந்து 39. பத்தில் பாதி 5, அதன் வர்க்கம் 25, அதை 39உடன் கூட்டினால் 64, அதன் மூலம் 8, அதில் 5 போக 3. பிறகு, இது ஏன் சரி என்பதற்குச் சதுரம் வரைந்து, செவ்வகங்களை ஒட்டி, காலி மூலையை நிரப்பிக் காட்டுகிறார். அட்சரகணிதத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் பெயர் கொடுத்தது இந்த நூலின் தலைப்பிலுள்ள 'அல்-ஜப்ர்' என்ற சொல். பொருள், குறைந்ததை மீட்டுச் சரிசெய்தல். முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அதே சொல்தான்.

அந்த நூலில் ஓர் எழுத்துக் குறியீடும் இல்லை. எண்கள்கூட பெரும்பாலும் சொற்களாகவே எழுதப்பட்டிருக்கின்றன. நாம் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் படித்த 'அட்சரகணிதம்' என்ற பெயர், எழுத்துகளைக் கொண்டு செய்யும் கணிதம் என்று அதை வரையறுத்துவிடுகிறது. அந்த வரையறையின்படி அட்சரகணிதத்தின் தந்தை அட்சரகணிதம் செய்யவில்லை! 1150இல் பாஸ்கரர் தம் நூலுக்கு வைத்த 'பீஜகணிதம்' என்ற பெயர் வித்திலிருந்து தொடங்குகிறது. 'கேத்திரகணிதம்' வயலில் நிற்கிறது. கேத்திரம் என்றால் நிலம். ஒரு துறைக்கு என்ன பெயர் வைக்கிறோமோ, அந்தப் பெயரே உங்குருவுக்கும் வேய்க்கும் இடையிலான வழக்கில் ஒரு பக்கம் சேர்ந்துவிடுகிறது.

இந்த வழக்கில் நான் ஏற்கும் தீர்ப்பு பதினொரு நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர் தாபித் இப்னு குர்ரா. ஹர்ரான் நகரத்துக்காரர், தாய்மொழி சிரியாக், வேலை பாக்தாதில், எழுதியது அரபியில். யூக்ளிடின் 'மூலகங்கள்' நூலின் அரபு மொழிபெயர்ப்பைத் திருத்திச் செப்பம் செய்தவரும் இவரே. அல்-குவாரிஸ்மியின் வழிமுறைகள் சரி என்பதை யூக்ளிடின் ஐந்தாம், ஆறாம் தேற்றங்களைக் கொண்டு நிறுவி ஒரு சிறு நூல் எழுதினார். இந்தக் கோடு அந்த மூலத்துக்கு, இந்தச் செவ்வகம் அந்த எண்ணுக்கு என்று படிப்படியாகப் பொருத்திக் காட்டினார்.

இதன் முக்கியத்துவம் எளிதில் கண்ணில் படாது. இரண்டும் ஏற்கெனவே ஒன்றாக இருந்திருந்தால் தாபித்துக்கு வேலையே இருந்திருக்காது. இரண்டும் ஒன்றோடொன்று பேசவே முடியாதவையாக இருந்திருந்தால் அந்த வேலை முடிந்திருக்காது. யூக்ளிட் அட்சரகணிதம் எழுதவில்லை என்பதில் உங்குரு சரி. அதை அட்சரகணிதமாகப் படிக்க முடியும் என்பதில் கணிதர்கள் சரி. அவர்கள் தவறியது, படிக்க முடியும் என்பதை 'எழுதியவர் மனதில் இருந்தது' என்று மாற்றிய இடத்தில். பாலம் கட்ட முடிந்தது என்பதால் ஆறு இல்லை என்று ஆகிவிடாது.

பாலத்தின் விலையையும் சொல்ல வேண்டும். கிரேக்கருக்குக் கோட்டைக் கோட்டால் பெருக்கினால் பரப்பு, மூன்று கோடுகளுக்குக் கன உருவம். நான்கு கோடுகளின் பெருக்கத்துக்கு உருவமில்லை. ஒரு பரப்போடு ஒரு நீளத்தைக் கூட்டவும் முடியாது. 1591இல் குறியீட்டு எழுத்துகளை முறைப்படுத்திய வியெத்கூட இந்தக் கட்டுப்பாட்டை விடவில்லை. 1637இல் தெகார்த் ஒரு கோட்டை எடுத்து, இது 1 என்று வைத்துக்கொள்வோம் என்றார். அப்படி ஓர் அலகு இருந்தால், ஒத்த முக்கோணங்களைக் கொண்டு இரண்டு கோடுகளின் பெருக்கத்தை மூன்றாவது ஒரு கோடாகவே வரைந்துவிடலாம். வர்க்கம் என்றால் சதுரமாக இருக்க வேண்டிய கட்டாயம் அன்றோடு போயிற்று.

அதனால் கிடைத்தது மிகப் பெரிது. அல்-குவாரிஸ்மியின் கணக்குக்கு 3 மட்டுமல்ல, −13உம் விடை: 169இலிருந்து 130 போனால் 39. படத்தில் அந்த விடை ஒருபோதும் தெரியாது. −13 அளவுள்ள பக்கத்தை எந்தத் தாளிலும் வரைய முடியாது. குறியீடு கண் காணாததைக் கண்டது. ஆனால் கண் கண்டதைக் குறியீடு மறக்கவும் செய்தது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மிகவும் பரவலாகக் காணும் தவறு, (அ + இ)² என்பதை அ² + இ² என்று எழுதுவது. ஆசிரியர் சிவப்பு மையால் நடு உறுப்பைச் சேர்ப்பார். படத்தை ஒருமுறை வரைந்த பிள்ளைக்கு அந்த மை தேவையில்லை. இரண்டு மூலைச் சதுரங்களை மட்டும் வைத்துவிட்டு மற்ற இரண்டு மூலைகளையும் காலியாக விட முடியாது என்று கைக்கே தெரிந்துவிடும்.

இங்கிலாந்திலும் கனடாவிலும் பல தொடக்கப் பள்ளிகளில் பெருக்கலுக்குக் கட்டம் போடச் சொல்கிறார்கள். 23ஐ 14ஆல் பெருக்க ஒரு பெட்டியை நான்காகப் பிரித்து 200, 80, 30, 12 என்று நிரப்பி 322 என்று கூட்டுகிறார்கள். வாய்பாட்டை மனப்பாடமாக ஒப்பித்து, இலக்கங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பழகிய நம் தலைமுறைக்கு இது சுற்றி வளைப்பதாகப் படுகிறது. இரண்டு வரியில் முடிவதை ஏன் அரைப்பக்கம் நீட்ட வேண்டும் என்று பெற்றோர் கேட்பது வழக்கம். வேகம் பற்றிய அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அந்தப் பெட்டி யூக்ளிடின் பெட்டி, அல்-குவாரிஸ்மியின் பெட்டி. பத்து வயதில் 20, 3 என்று நிரப்பிய அதே பெட்டியில் பதினான்கு வயதில் தெரியாத எண்ணை வைத்து நிரப்பலாம். நாம் படித்த சுருக்குவழியில் இந்தத் தொடர்ச்சி கண்ணுக்குத் தெரியாமல் மடிந்து கிடந்தது. பெட்டியோடு மட்டும் நின்றுவிடும் பிள்ளை −13ஐக் காணாது. அது வேறு குறை. ஆகவே ஒன்றை விட்டு மற்றதைப் பிடிப்பது இருவழியிலும் நட்டம்.

நம் மொழிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஆங்கிலத்தில் உருவத்துக்கும் எண்ணுக்கும் ஒரே சொல். அதனால் ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைக்கு ஐந்தைந்து இருபத்தைந்துக்கும் நான்கு பக்க உருவத்துக்கும் என்ன உறவு என்று கேட்கவே தோன்றுவதில்லை. தமிழில் உருவம் சதுரம், எண் வர்க்கம். 499இல் ஆரியபடர் வர்க்கம் என்ற சொல்லைச் சமபக்க நாற்கோணத்துக்கும், அதன் பரப்புக்கும், சமமான இரண்டின் பெருக்கத்துக்கும் சேர்த்தே வரையறுத்தார். தமிழ்ப் பாடநூலுக்கு வந்தபோது அந்தச் சொல் உருவத்தைக் கழற்றிவிட்டு எண்ணாக மட்டும் வந்தது. தமிழில் படித்த பிள்ளை 'வர்க்கமூலம்' என்பதை ஒரு சதுரத்தின் பக்கமாகப் பார்க்காமலே பள்ளிப்படிப்பை முடித்துவிடலாம்.

நம் பழைய திண்ணைப் பள்ளி எண்சுவடியில் நிலைமை அப்படியில்லை. நிலத்தை அளக்கும் அலகு குழி. எண்ணை அதே எண்ணால் பெருக்கும் வாய்பாட்டுக்கும் குழிமாற்று என்றே பெயர். அந்த வாய்பாட்டை ஒப்பித்த பிள்ளைக்குத் தான் சொல்வது எண்ணா நிலமா என்று பிரித்துப் பார்க்கும் தேவை இருக்கவில்லை. 'கணக்கதிகாரம்' வட்டத்தின் பரப்புக்குத் தரும் விதியும் அந்த வகைதான்: பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கினால் குழி. வட்டத்தை நறுக்கி விரித்து ஒரு செவ்வகமாக அடுக்கியதுபோல் இருக்கிறது அது. இதை வைத்துக்கொண்டு தமிழருக்கு அட்சரகணிதம் முன்பே தெரியும் என்று யாராவது மேடை ஏறினால், உங்குருவின் கட்டுரையை அவர் கையில் கொடுக்க வேண்டும். இருந்தது வேறொன்று; அதற்கு அதன் சொந்த மதிப்பு உண்டு. பிறகு வந்த ஒன்றின் முன்னோடி என்ற பட்டம் அதற்கு வேண்டியதில்லை.

இந்தச் சண்டையில் முன்னின்ற பலர் பிறந்த நாட்டில் இருந்து எழுதியவர்கள் அல்லர். வேய் பாரிசில் பிறந்து பிரின்ஸ்டனில் இருந்தார். ஃபிராய்டென்தால் ஜெர்மனியில் பிறந்து நெதர்லாந்தில் வாழ்ந்தார். வான் டெர் வார்டன் நெதர்லாந்தில் பிறந்து சூரிச்சில் வாழ்ந்தார். ருமேனியாவில் பிறந்த உங்குரு இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தவர். வீட்டில் ஒரு மொழி, வேலையில் வேறு மொழி என்று வாழ்ந்த இவர்கள், மொழிபெயர்ப்பில் உள்ளடக்கம் தப்பிக்குமா என்று இவ்வளவு காரமாக மோதிக்கொண்டதில் வியப்பில்லை.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளில் கணிதச் சொற்களைச் சொல்லிக்கொடுக்கும்போது, ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே தமிழ்ச் சொல்லை எழுதிப் பட்டியலாக ஒப்புவிக்கச் செய்வதே வழக்கமாக இருக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு வகுப்பு இப்படி நடக்கலாம்: சதுரம், வர்க்கம் என்ற இரண்டு சொற்களையும் பலகையில் எழுதிவிட்டு, இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஏன் ஒரே சொல் என்று கேட்பது. அந்தக் கேள்வி இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளைக்குத்தான் எழும். விடை தேடி அது பெட்டி ஒன்றை வரையத் தொடங்கினால், தாபித் செய்த வேலையின் முதல் படியில் அது நிற்கிறது.